வெள்ளைத் துணியில் விழுந்த ஒளி

நாஞ்சில் நாட்டின் தென்கோடியில், குமரிமுனைக்கு அண்மையில் அமைந்த ஊர் அகத்தீசுவரம். பனையும் தென்னையும் சூழ்ந்த அவ்வூர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் அரசின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. அங்குச் செல்வவளம் மிக்க ஒரு கிறித்தவக் குடும்பத்தில், 1900ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் பிறந்தவர் ஜோசப் செல்லையா டேனியல். மலையாளத் திரைப்படத்தின் தந்தை என்று கேரளம் இன்று போற்றுவது இவரைத்தான். திரைக்கதை எழுதி, பணம் முடக்கி, ஒளிப்பதிவு செய்து, இயக்கி, தாமே கதைத்தலைவனாகவும் நடித்து அவர் உருவாக்கிய படம் விகதகுமாரன். அதன் சுருளில் ஓர் அடிகூட இன்று எஞ்சவில்லை. ஒளியால் ஆன கலைக்குத் தம் உடைமை அனைத்தையும் கொடுத்த ஒருவரின் வாழ்வை அறிவது, ஒளி எவ்வாறு திரையில் உருவமாகிறது என்பதை அறிவதோடும் சேர்ந்தே நிகழ வேண்டியிருக்கிறது.

டேனியல் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் பயின்றவர். எனினும், இளமையில் அவர் மனத்தை ஈர்த்தது ஏட்டுக்கல்வியன்று, போர்க்கலை. அடிமுறை என்றும் அடிதடி என்றும் நாஞ்சில் நாட்டார் வழங்கும் தென்னகக் களரிக்கலையில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. இந்தியர்தம் வாட்போர் முறை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். ஆனால், கால் பெயர்த்து வைக்கும் விரைவையும் உடல் வளைந்து அடியைத் தவிர்க்கும் நுட்பத்தையும் அச்செழுத்தில் எவ்வளவு விளக்கினும் படிப்பவர் கண்முன் அவை நில்லா. அசைவை அசைவாகவே காட்டவல்ல ஒரு கருவி அவருக்குத் தேவைப்பட்டது. அக்கருவி அப்போது உலகில் தோன்றி முப்பது ஆண்டுகளே ஆகியிருந்தன.

திரைப்படத் தொழிலைக் கற்க அவர் முதலில் சென்னைக்குச் சென்றார். அங்கு ஆர். நடராச முதலியார் 1917இல் கீசகவதம் என்னும் மௌனப்படத்தைத் தொடங்கித் தென்னிந்தியத் திரைத்தொழிலுக்கு வித்திட்டிருந்தார். ஆயினும், டேனியலுக்கு அங்குள்ள படப்பிடிப்புக் கூடங்களின் கதவு திறக்கவில்லை. மனம் தளராமல் பம்பாய்க்குச் சென்றார். கேரளத்திலிருந்து வந்த ஆசிரியர் என்றும், மாணவர்களுக்குத் திரைப்படம் பற்றிக் கற்பிக்க விரும்புவதாகவும் கூறி அனுமதி பெற்றார் என்பர். சொன்னதில் பாதி உண்மைதான். கற்பிக்க அன்று, கற்கவே அவர் வந்திருந்தார். கூடங்களில் நடப்பவற்றை உற்று நோக்கினார். கருவிகளை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

அவர் கற்றவற்றுள் முதன்மையானது கையின் தாளம். அக்காலப் படக்கருவி பெரும்பாலும் மின்விசையால் இயங்கியதன்று. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியை ஒளிப்பதிவாளர் சீராகச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 படங்கள் பதிவாகும். நொடிக்கு இரண்டு சுற்று என்பது பொதுவழக்கு. ஆக, ஒரு நொடிக்கு 16 படங்கள். அசையாத இத்தனிப்படம் ஒவ்வொன்றும் சட்டகம் எனப்படும். நொடிக்கு எத்தனை சட்டகங்கள் என்னும் கணக்கே சட்டக வீதம். 35 மில்லிமீட்டர் அகலமுள்ள சுருளில் ஓர் அடி நீளத்துக்கு 16 சட்டகங்கள் அடங்கும். எனவே, 1,000 அடிச் சுருள், நொடிக்கு 16 சட்டகம் என்ற வீதத்தில் ஓடினால் 16 நிமிடம் 40 நொடியில் தீர்ந்துவிடும். கை சற்றே தளர்ந்து மெல்லச் சுற்றினால், காட்சியிடும்போது மாந்தர் ஓடுவர். விரைந்து சுற்றினால் மிதப்பர். பேசும்படம் வந்த பின்னர் ஒலியின் தேவை கருதி இவ்வீதம் 24 என நிலைபெற்றது. கைப்பிடி மறைந்து, சுருளும் மறைந்துவிட்ட இன்றைய எண்ணியல் திரையரங்கிலும் அடிப்படை எண் அதுவேயாகும்.

இதனோடு பலரும் குழப்பிக்கொள்ளும் வேறொரு சொல் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டியின் அட்டையில் 60 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். அது புதுப்பிப்பு வீதம். திரை தன் உருவத்தை ஒரு நொடியில் எத்தனை முறை புதிதாகக் காட்டுகிறது என்பதன் கணக்கு. சட்டக வீதம் படத்தைச் சார்ந்தது. புதுப்பிப்பு வீதம் கருவியைச் சார்ந்தது. இவ்வேறுபாடு டேனியலின் காலத்திலேயே இருந்தது. மௌனப்படக் காலத்துப் படவீழ்த்தியில் விளக்கின் முன் மூன்று இதழ்கள் கொண்ட தகடு ஒன்று சுழலும். அது ஒவ்வொரு சட்டகத்தையும் மூன்று முறை மறைத்து மறைத்துக் காட்டும். நொடிக்கு 16 சட்டகங்களே ஓடினும் கண்ணுக்கு 48 ஒளிவீச்சுகள் கிட்டும், நடுக்கம் குறையும். இன்று 24 சட்டகப் படம் 120 ஹெர்ட்ஸ் திரையில் ஓடும்போது ஒவ்வொரு சட்டகமும் ஐந்து முறை காட்டப்படுவதும் அந்தப் பழைய இதழ்த்தகட்டின் வேலைதான். பெரிய எண்ணைக் கண்டு படமே கூடுதல் நுட்பம் பெற்றுவிட்டதாக எண்ணிவிடலாகாது.

ஊர் திரும்பிய டேனியல், தம் நிலத்தை விற்று முதல் திரட்டினார். அத்தொகை ஏறத்தாழ 4 இலட்சம் ரூபாய் என்பர். 1926இல் திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில், இன்று அரசுப் பணியாளர் தேர்வாணையம் இயங்கும் இடத்துக்கு அருகில், திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் படப்பிடிப்புக் கூடத்தை நிறுவினார். கேரள மண்ணில் எழுந்த முதல் கூடம் அதுவே.

புராணக்கதைகளே படமாகிக் கொண்டிருந்த காலத்தில் அவர் எழுதியது ஒரு சமூகக் கதை. திருவனந்தபுரத்துச் செல்வர் ஒருவரின் மகன் கடத்தப்பட்டு இலங்கைக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். அங்குத் தோட்டத் தொழிலாளியாக வளர்கிறான். பின்னர் உறவினர் ஒருவரால் அடையாளம் காணப்பட்டுக் குடும்பத்தோடு சேர்கிறான். காணாமற்போன மகன் என்பதே படப்பெயரின் பொருள். கடலுக்கு அப்பால் தோட்டங்களில் உழைத்த மக்களைத் தம் ஊர்ப்புறத்தில் அறிந்திருந்தவர்க்கே தோன்றக்கூடிய கதை இது. டேனியலின் மகனே சிறுவனாக நடித்தார்.

பெண்மக்கள் திரையில் தோன்றுவது இழிவு என்று கருதப்பட்ட காலம் அது. பம்பாயிலிருந்து ஒரு நடிகையை வரவழைக்க டேனியல் மேற்கொண்ட முயற்சி நிறைவேறவில்லை. இறுதியில் அவர் கண்டடைந்தவர் பி. கே. ரோசி. திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, கூலிவேலை செய்து வாழ்ந்த இளம்பெண் ரோசி. தமிழும் மலையாளமும் கலந்து ஆடப்படும் காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். நாளொன்றுக்கு 5 ரூபாய் ஊதியத்தில் அவர் படப்பிடிப்புக்கு வந்து சென்றார் என்று கூறுவர். படத்தில் அவர் ஏற்ற வேடம் சரோசினி என்னும் நாயர் குலப் பெண். நடிப்பு முடிந்ததும் வேடத்தைக் களைந்து வீட்டுக்குச் செல்வார். வேடம் வேறு, மனிதர் வேறு என்பதைப் படப்பிடிப்புக் கூடத்தில் இருந்தோர் அனைவரும் அறிவர். அரங்கில் கூடியவர்கள் அவ்வாறு கருதவில்லை.

திருவனந்தபுரத்தில் கேப்பிட்டல் என்னும் திரையரங்கில் படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. பழைய நூல்கள் அந்நாளை 1928 நவம்பர் 7 என்றும், பின்வந்த ஆய்வாளர்கள் 1930 அக்டோபர் 23 என்றும் குறிப்பர். வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப்பிள்ளை காட்சியைத் தொடங்கி வைத்தார். கதைத்தலைவியாக நடித்த ரோசியோ, அரங்கினுள் அமரும் உரிமை பெறவில்லை என்பர்.

அக்காலத் திரையரங்கின் திரை வெள்ளைத் துணிதான். கருவியிலிருந்து புறப்படும் ஒளி அத்துணியில் பட்டுச் சிதறி, அமர்ந்திருப்போர் கண்களுக்கு மீள்கிறது. விளக்கின் ஒளி போதாத இடங்களில், திரைக்கு வெள்ளி நிறமுள்ள உலோகப்பொடி கலந்த பூச்சுப் பூசி, ஒளியை நடுவில் அமர்ந்தோர் பக்கம் மிகுதியாகத் திருப்புவர். வெள்ளித்திரை என்னும் சொல் பிறந்தது இவ்வாறே. இன்று இதனைத் திரைப்பெருக்கம் என்னும் எண்ணால் குறிக்கின்றனர். எப்பக்கமும் சமமாக ஒளியைச் சிதறடிக்கும் வெண்பரப்பின் பெருக்கம் 1. பெருக்கம் 2 உள்ள திரை, நேர் எதிரே இருப்போர்க்கு இருமடங்கு ஒளிர்வு தரும். ஆனால், ஓரத்தில் இருப்போர்க்குரிய ஒளியை எடுத்துத்தான் அதனைத் தருகிறது. திரை தானாக ஒளியைப் படைப்பதில்லை. பங்கீட்டை மட்டுமே மாற்றுகிறது.

அன்று அத்துணியில் ரோசியின் உருவம் தோன்றியது. கதைத்தலைவன் அவர் கூந்தலில் சூடிய மலரை முத்தமிடும் காட்சி வந்ததும், உயர்குலத்தார் எனத் தம்மைக் கருதிய சிலர் கொதித்தெழுந்தனர். தாழ்த்தப்பட்ட பெண் ஒருத்தி உயர்குலப் பெண்ணாக உருவெடுத்துத் தம் எதிரே நிற்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. திரையின்மீது கற்கள் பறந்தன, துணி சிதைந்தது. துணியைக் கிழிப்பதால் உருவம் அழிவதில்லை என்பதை அறியும் பொறுமை அக்கூட்டத்துக்கு இல்லை. ரோசியின் குடிசையும் தீக்கிரையானது. அவர் இரவோடு இரவாகச் சரக்குந்து ஒன்றில் ஏறி ஊரைவிட்டு அகன்றார். அவ்வண்டி அவரைக் கொண்டுவந்து சேர்த்த இடம் நாகர்கோவில். பெயரை இராசம்மாள் என மாற்றிக்கொண்டு, திரைப்படம் என்ற சொல்லையே வாழ்விலிருந்து விலக்கி, அவர் இங்கேயே வாழ்ந்து மறைந்தார் என்பர். திரையில் தாம் எவ்வாறு தோன்றினோம் என்பதை அவர் ஒருமுறையேனும் கண்டதாகச் செய்தி இல்லை.

டேனியல் சோர்ந்துவிடவில்லை. படச்சுருளை எடுத்துக்கொண்டு வேறு ஊர்களுக்குச் சென்றார். துறைமுக நகராகிய ஆலப்புழையில் ஸ்டார் திரையரங்கில் மக்கள் ஆர்வத்துடன் கூடினர். காட்சியின் நடுவே திரை மங்கியது. கூட்டம் கூச்சலிட்டது. மௌனப்படக் காலத்தில் திரைக்கு அருகே நின்று கதையை உரத்துச் சொல்பவர் ஒருவர் இருப்பார். அவர் முன்வந்து, இது நம் மொழியார் எடுத்த முதல் படம் என்பதால் சிறுகுறைகள் இருக்கும் என்று எடுத்துரைத்தார். கூச்சல் கைதட்டலாக மாறியது. திருவனந்தபுரத்தில் திரை ஒளிர்ந்தபோது கல் விழுந்தது. ஆலப்புழையில் திரை மங்கியபோது கைதட்டல் எழுந்தது.

திரை மங்குவது என்பதற்கு அன்று ஒரே சொல்தான் இருந்தது. இன்று அதற்குப் பல அளவைகள் உள்ளன. பள்ளியின் திறன்மிகு வகுப்பறையில் தொங்கும் படவீழ்த்தியின் அட்டையில் காணப்படும் லூமென், விளக்கிலிருந்து வில்லை வழியே வெளிவரும் மொத்த ஒளியின் அளவு; இதனை ஒளிப்பாயம் என்பர். அவ்வொளி எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதைப் பொறுத்துத் திரையில் விழும் ஒளி அமைகிறது. அதன் அலகு லக்ஸ். திரையிலிருந்து கண்ணை நோக்கி மீளும் ஒளிர்வின் அலகு நிட். 3,000 லூமென் தரும் கருவி, 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள திரையை முழுமையாக நிரப்பினால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 500 லக்ஸ் கிடைக்கும். பெருக்கம் 1 உள்ள வெண்திரையில் இது ஏறத்தாழ 159 நிட் ஒளிர்வாகும். படம் பெரிதாக வேண்டும் என்று கருவியைப் பின்னே நகர்த்தி, அகலத்தையும் உயரத்தையும் இருமடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். ஒளிர்வு நான்கில் ஒன்றாகி, ஏறத்தாழ 40 நிட்டுக்கு இறங்கிவிடும். விளக்கில் எந்தக் குறையும் இல்லாமலே திரை மங்கிவிடும். நன்கு இருட்டாக்கப்பட்ட எண்ணியல் திரையரங்குக்கு வகுக்கப்பட்ட அளவு 48 நிட். கருவிக்கும் திரைக்கும் இடைப்பட்ட தூரமாகிய வீழ்தொலைவை முன்கூட்டியே கணக்கிட வேண்டும் என்பது இதனால்தான்.

லூமென் எண்ணிலும் ஓர் எச்சரிக்கை தேவை. நடுவில் மட்டும் ஒளி மிகுந்து ஓரங்களில் தேய்ந்திருக்கும் கருவியை நடுப்புள்ளியில் அளந்தால் எண் பெரிதாகவே வரும். திரையை ஒன்பது கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்து, சராசரி கண்டு பெறும் அளவே நம்பத்தக்கது. ஆன்சி லூமென் என்று குறிக்கப்படுவது இம்முறையில் அளந்த எண்ணாகும்.

மங்கலுக்கு மற்றொரு காரணமும் உண்டு. கருவி எவ்வளவு ஒளியை வீசினாலும், அதனால் கறுப்பை வீச முடியாது. திரையில் கறுப்பாகத் தோன்றும் இடம் ஒளி விழாத இடம், அவ்வளவே. கொட்டகையின் கீற்றிடுக்கில் நுழையும் நிலவொளியும், திறந்த சன்னல் வழியே வரும் பகலொளியும் அவ்விடத்தை நரைக்கச் செய்துவிடும். முழு வெண்மைக்கும் முழுக் கருமைக்கும் இடையிலுள்ள ஒளிர்வு விகிதத்தை மாறுபாட்டு விகிதம் என்பர். அட்டையில் 10,000:1 என்று இருந்தாலும், அது இருட்டறையில் அளந்த எண். சன்னல் திறந்த வகுப்பறையில் அது பல நூறு மடங்கு சுருங்கிவிடலாம். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் வகைக் காட்சித்திரையில் வேண்டிய புள்ளியை முற்றிலும் அணைத்துவிட இயலும். அதில் கருமை ஆழமாகத் தோன்றுவது அதனாலேயே.

டேனியலின் சுருளில் உருவத்தை ஆக்கியவை வெள்ளி மணிகள். ஒளிபட்ட வெள்ளி உப்பு, வேதிக்கரைசலில் கழுவப்படும்போது கரிய மணிகளாகப் படியும். அவை ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். இரண்டு சட்டகங்களில் ஒரே இடத்தில் அமைவதில்லை. எண்ணியல் உருவம் அவ்வாறன்று. பிக்சல் எனப்படும் படப்புள்ளிகள் வயல்நாற்று போல நிரையாகவும் வரிசையாகவும் நிற்கின்றன. அவற்றின் எண்ணிக்கையே பிரிதிறன். 1920 × 1080 என்றால் 20,73,600 புள்ளிகள். 4கே தொலைக்காட்சியின் 3840 × 2160 அதனைப்போல் நான்கு மடங்கு. கருவியில் உண்மையாக உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை இயல்புப் பிரிதிறன் என்பர். ஒரு கருவி 4கே படத்தை ஏற்கும் என்று எழுதியிருப்பது, அது 4கே படத்தைக் காட்டும் என்னும் பொருளைத் தராது. பெற்றுக்கொண்ட படத்தைத் தன் புள்ளிகளுக்குள் சுருக்கித்தான் அது காட்டும்.

சட்டகத்தின் வடிவமும் மாறிவிட்டது. மௌனப்படச் சட்டகம் 4 பங்கு அகலமும் 3 பங்கு உயரமும் கொண்டது. இன்றைய தொலைக்காட்சித் திரை 16:9 என்னும் உருவ விகிதம் உடையது. பழைய படத்தை அதில் காட்டும்போது இருபுறமும் கறுப்புப் பட்டை விழுவது குறையன்று. அப்பட்டையை நீக்க வேண்டிப் படத்தை இழுத்து நிரப்பினால் மாந்தர் பருத்துப்போவர். கருவியைத் திரைக்கு நேராக வைக்காமல் சாய்த்து வைத்தால் செவ்வகம் சரிவகமாகும். இச்சரிவகத் திரிபைக் கருவியே எண்கணக்கால் திருத்துவதுண்டு. ஆயினும், அத்திருத்தம் சில புள்ளிகளை வீணாக்கியே நிகழும். கருவியை நேராக வைப்பதே நன்று.

பிற ஊர்களின் ஆதரவு டேனியலின் இழப்பை ஈடுசெய்யப் போதவில்லை. கடன் கொடுத்தோர் நெருக்கினர். கருவிகளை விற்றார், கூடத்தை மூடினார். எந்தக் கலைக்காகத் திரைப்படத்தை நாடினாரோ, அந்த அடிதடிமுறை பற்றி ஒரு விளக்கப்படம் எடுத்தார். அதனோடு அவருடைய திருவனந்தபுர வாழ்வு முடிந்தது. இதற்கிடையில், நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் என்பார், மார்த்தாண்டவர்மா என்னும் புதினத்தை 1933இல் படமாக்கினார். இவர் டேனியலின் உறவினர் என்பர். நூலின் பதிப்புரிமை பெற்றிருந்த புத்தக நிலையம் வழக்குத் தொடுத்ததால் அப்படம் முடக்கப்பட்டது. மலையாளத்தின் முதல் இரண்டு படங்களுக்கும் நாஞ்சில் நாட்டவரே பொருள் இழந்தனர் என்பது நினைக்கத்தக்கது.

டேனியல் பல்மருத்துவம் கற்றார். பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி முதலிய ஊர்களில் பல்மருத்துவராகத் தொழில் செய்து குடும்பத்தைக் காத்தார். மனைவி ஜேனட், செல்வமும் வறுமையும் மாறிமாறி வந்த அவ்வாழ்வில் உடன் நின்றவர். ஓரளவு பொருள் சேர்ந்த காலத்தில், புகழ்பெற்ற நடிகர் பி. யு. சின்னப்பாவின் நட்பு வாய்த்தது. பழைய வேட்கை மீண்டும் தலைதூக்கியது. படமெடுக்கும் முயற்சியில் இறங்கி, சேர்த்ததை மறுபடியும் இழந்தார். அறிவுடையோர் செய்யும் செயலா இது என்று கேட்கலாம். ஒருமுறை ஒளிக்கற்றையின் பின்னால் நின்று, தான் படைத்த உருவம் அசைவதைக் கண்டவர்க்கு அக்கேள்வி எளிதில் விளங்குவதில்லை போலும்.

வீட்டில் எஞ்சியிருந்த விகதகுமாரன் சுருளுக்கு வேறொரு முடிவு காத்திருந்தது. அக்காலச் சுருள் நைட்ரோ செல்லுலோசால் ஆனது. வெடிபஞ்சுக்கு நெருங்கிய உறவுடையது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிசனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், ஒருமுறை பற்றிக்கொண்டால் நீரினாலும் அணைக்க முடியாது. திரையரங்கின் படவீழ்த்தி அறையைத் தடித்த சுவரால் கட்டி, ஒளி செல்லும் துளைக்கு இரும்புக் கதவு பொருத்தியது இத்தீயை அஞ்சியே. உலகெங்கும் 1950களின் தொடக்கம்வரை இத்தகைய சுருள் வழக்கில் இருந்தது. டேனியலின் இளைய மகன், விவரம் அறியாச் சிறுவயதில், சுருளின் துண்டுகளைக் கொளுத்தி, எழும் சுடரின் நிறத்தைக் கண்டு களித்திருக்கிறார். பின்னாளில் அவரே அதனை வருத்தத்துடன் பலரிடம் கூறினார். தந்தை அதைக் கண்டும் தடுக்கவில்லை என்பர். சாதிவெறி கல்லெறிந்து கிழித்தது துணியை மட்டுமே. படத்தை முற்றிலும் அழித்தது ஒரு குழந்தையின் விளையாட்டு.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அகத்தீசுவரம் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஊராகத் தமிழகத்தோடு இணைந்தது. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகரானது. முதுமையில் ஊர் திரும்பி வறுமையில் வாடிய டேனியலைத் தேடிவந்து, அவர் வரலாற்றைக் கேட்டு எழுதி உலகறியச் செய்தவர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்னும் மலையாள எழுத்தாளர். நலிந்த கலைஞர்க்குரிய உதவித்தொகைக்காக அவர் டேனியல் சார்பில் முயன்றார். டேனியல் தமிழகத்தில் பிறந்து அங்கேயே வாழ்பவர் என்பது தடையாகக் காட்டப்பட்டது. பிறந்தபோது அவருடைய ஊர் இருந்த நாடு, அவர் முதியவரானபோது வேறு நாடாகியிருந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததேயன்றி, டேனியல் நகரவில்லை.

1974இல், வழக்கினால் முடங்கிக் கிடந்த மார்த்தாண்டவர்மாவின் படச்சுருள் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தின் பாதுகாப்பில் சேர்ந்தது. கேரளத்தின் மௌனப்படக் காலத்துக்கு இன்று கண்கண்ட சான்று அதுவே. அதற்கு அடுத்த ஆண்டு, 1975 ஏப்ரல் 27ஆம் நாள், டேனியல் அகத்தீசுவரத்தில் காலமானார்.

கேரள அரசு, மலையாளத் திரைத்துறையில் வாழ்நாள் பணிக்கு வழங்கும் தன் மிகவுயர்ந்த விருதுக்கு 1992இல் அவர் பெயரைச் சூட்டியது. 2013இல் இயக்குநர் கமல், டேனியலின் வாழ்வைச் செல்லுலாய்டு என்னும் பெயரில் படமாக்கினார். தென்னிந்தியத் திரையரங்குகள் பெரும்பாலானவற்றில் அதற்குள் படச்சுருள் வழக்கொழிந்திருந்தது. படம் எண்கோப்பாகவே அரங்கை அடைந்தது. அரங்கின் படவீழ்த்தியுள், அஞ்சல்தலை அளவே உள்ள சில்லு ஒன்றின்மீது இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணாடிகள் உள்ளன. ஒவ்வோர் ஆடியும் ஒரு படப்புள்ளி. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து நிமிர்ந்து, ஒளியை வில்லைக்குள் அனுப்பியும் விலக்கியும் அவை உருவத்தை ஆக்குகின்றன. கேப்பிட்டல் அரங்கில் துணி கிழிந்த அந்த மாலையும், ஊரைவிட்டு ஓடிய ரோசியின் முகமும் அவ்வாறு மீண்டும் திரைக்கு வந்தன. மூலச்சுருள் இல்லாமையால், வேறு நடிகர்களைக் கொண்டு நடித்துத்தான் அவற்றைக் காட்ட முடிந்தது.